ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வருது? பி.பி.யை அடக்க உங்கள் சமையலறையிலிருந்து ஒரு பாடம்

உங்கள் வீட்டில் ஒரு கிலோ உப்பு பாக்கெட் எத்தனை நாளில் தீருகிறது? அரிசி, எண்ணெய், கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வரும் என்று கேட்டால் டக்கென்று சொல்லிவிடுவோம். உப்பை யாரும் கணக்கு வைப்பதில்லை. விலை குறைவு, தீர்ந்தால் அண்ணாச்சி கடையில் வாங்கிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் உயர் ரத்த அழுத்தம் என்று வந்துவிட்டால், நீங்கள் முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான்.

தமிழ்நாட்டில் 2020-ல் நடத்தப்பட்ட 'ஸ்டெப்ஸ்' கணக்கெடுப்பில், 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது. அப்படி இருப்பவர்களில் அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்கள் 100-க்கு சுமார் 7 பேர் மட்டுமே. மீதிப் பேரில் பலருக்குத் தங்களுக்கு பி.பி. இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் சிலர் மாத்திரையை நடுவிலேயே விட்டிருப்பார்கள். காரணம் எளிது. பி.பி. வலிக்காது. "எனக்கு ஒண்ணும் பண்ணலையே, நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு வரை போய்விடும் நோய் இது.

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், முடிச்சூர், சேலையூர் பக்கம் வாழ்கிற நம் நாளை யோசித்துப் பாருங்கள். காலையில் அவசர அவசரமாக நாலு இட்லி, மின்சார ரயிலில் ஒரு மணி நேரம், அலுவலகத்தில் எட்டு மணி நேர நாற்காலி, திரும்பும் வழியில் ஸ்டேஷன் வாசலில் இரண்டு பஜ்ஜி, ராத்திரி பரோட்டா சால்னா. இதில் எந்த இடத்தில் கை வைத்தால் பி.பி. இறங்கும் என்பதுதான் இந்தப் பாடம்.

முதலில் அந்த இரண்டு எண்கள்

பி.பி. பார்த்தால் 130/84 என்பதுபோல இரண்டு எண்கள் சொல்வார்கள். மேலே உள்ளது, இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் ஏற்படும் அழுத்தம். கீழே உள்ளது, இரண்டு துடிப்புகளுக்கு நடுவே இதயம் ஓய்வாக இருக்கும்போது உள்ள அழுத்தம். வீட்டுத் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடும்போது ஒரு அழுத்தம், நின்றபின் ஒரு அழுத்தம். அழுத்தம் வருஷக்கணக்கில் கூடுதலாகவே இருந்தால், குழாய் எங்காவது ஒரு இடத்தில் பழுதாகத்தான் செய்யும்.

மருத்துவமனையில், வெவ்வேறு நாட்களில் பார்க்கும்போதும் மேல் எண் 140 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் எண் 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் ரத்த அழுத்தம் என்று மருத்துவர் முடிவு செய்வார். ஒரு நாள், ஒரு முறை கூடியதை வைத்துப் பயந்துவிட வேண்டாம். படி ஏறி வந்த மூச்சு, டாக்டரைப் பார்த்த பதற்றம்கூட எண்ணை ஏற்றும். அதற்காக "அன்னைக்கு டென்ஷன்ல இருந்தேன்" என்று மறந்துவிடவும் வேண்டாம். மறுபடி பாருங்கள்.

உப்புக் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு: பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். சமையலில் போடுவது, ஊறுகாயில் இருப்பது, கடையில் வாங்கிச் சாப்பிடுவது எல்லாம் சேர்த்துத்தான் இந்த ஒரு டீஸ்பூன்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. நாலு பெரியவர்கள் உள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 5 கிராம் என்றால் நாளைக்கு 20 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் 30 நாளில் தீருகிறதா? அப்படியென்றால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. 25 நாளில் தீர்ந்தால் 10 கிராம். காய் அலசிய தண்ணீரிலும் வடித்த கஞ்சியிலும் கொஞ்சம் போயிருக்கும், உண்மைதான். ஆனால் ஹோட்டல் சாப்பாடும், மிக்சரும், பிஸ்கட்டும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

இது வெறும் ஊகம் இல்லை. சென்னை நகர மக்களிடம் நடத்தி 2007-ல் வெளியான 'க்யூர்ஸ்' ஆய்வில், ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 8.5 கிராம் உப்பு எடுத்துக்கொள்வது தெரியவந்தது. உப்பு அதிகம் சேர்த்தவர்களிடம் உயர் ரத்த அழுத்தமும் அதிகமாக இருந்தது.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அடுத்த பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன் மேல் பேனாவால் தேதி எழுதுங்கள், அல்லது ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தீரும் நாளில் கணக்குப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

உப்பு ஒளிந்திருக்கும் இடங்கள்

"நாங்க சமையல்ல உப்பு கம்மியாத்தான் போடுவோம்" என்று சொல்லும் வீடுகளிலும் உப்பு வேறு வாசல் வழியாக வருகிறது. நம் சாப்பாட்டில் அது எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள்:

• ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், வற்றல். இவை கெடாமல் இருப்பதற்கே உப்புதான் காரணம்.
• கருவாடு. ஆடி மாசக் கூழுக்குத் தொட்டுக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை, வாரம் மூன்று நாள் என்றால் சிக்கல்.
• மிக்சர், காராசேவு, சிப்ஸ், உடனடி நூடுல்ஸ், சூப் பவுடர், சாஸ்.
• பிரெட், பிஸ்கட். வாயில் உப்புக் கரிக்காது, ஆனால் உள்ளே சோடியம் உண்டு.
• சோடா உப்பும் அஜினோமோட்டோவும். இரண்டிலும் இருப்பது சோடியமே.
• பழைய சோறு. அது நல்ல உணவு. அதில் போடும் கைப்பிடி உப்பும், தொட்டுக்கொள்ளும் ஊறுகாயும்தான் கெடுக்கிறது. சின்ன வெங்காயம் போதும்.
• மோர், தயிர் சாதம், வெள்ளரிக்காய், மாங்காய், கொய்யா. இவற்றின் மேல் தூவும் உப்பை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

பாக்கெட் உணவு வாங்கும்போது பின்பக்கம் திருப்பி, ஊட்டச்சத்துப் பட்டியலில் 'சோடியம்' என்ற வரியைப் பாருங்கள். எழுத்து பொடியாக இருந்தால் ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் பார்க்கலாம். அங்கே உள்ள மில்லிகிராமை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். உதாரணமாக, 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்றிருந்தால், 800 × 2.5 = 2,000 மில்லிகிராம். அதாவது 2 கிராம் உப்பு. டிவி பார்த்துக்கொண்டே அந்தப் பாக்கெட்டைக் காலி செய்தால், ஒரு நாள் அளவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அங்கேயே முடிந்துவிட்டது.

இந்துப்பு, கல் உப்பு, 'லோ சோடியம்': எது நல்லது?

இந்துப்பு பி.பி.யை ஏற்றாது என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நம்ப வேண்டாம். இந்துப்பு, கல் உப்பு, தூள் உப்பு மூன்றிலும் பெரும்பகுதி ஒரே சோடியம் குளோரைடுதான். நிறமும் விலையும் மாறுமே தவிர வேலை மாறாது. அயோடின் சேர்த்த உப்பைக் குறைவாகப் போடுவதே வழி.

சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு வேறு வகை. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடத்தி 2021-ல் வெளியான ஆய்வில், இந்த வகை உப்புக்கு மாறியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் ஒரு முக்கிய எச்சரிக்கை. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும், டெல்மிசார்டான், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

தட்டை மாற்றுவது எப்படி?

அமெரிக்காவில் 1997-ல் வெளியான 'டாஷ்' என்ற உணவு ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் பொருட்கள், முழுதானியம், பருப்பு அதிகம். இனிப்பும் கொழுப்பும் குறைவு. இவ்வளவுதான் அந்த உணவு. ஏற்கெனவே பி.பி. உள்ளவர்களுக்கு மேல் எண் சராசரியாக 11 புள்ளி இறங்கியது. இதற்காக நாம் ஆலிவ் எண்ணெயும் அவகேடோவும் தேடி அலைய வேண்டியதில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் தாம்பரம் மார்க்கெட்டிலும் கிடைப்பதே போதும்.

காலை: இட்லி, தோசை இருக்கட்டும். மாவில் உப்பு, சட்னியில் உப்பு, சாம்பாரில் உப்பு, மேலே பொடியில் உப்பு என்று ஒரே தட்டில் நாலு தடவை வருகிறது. மாவில் பாதியாகக் குறையுங்கள், பொடியை விடுங்கள். வாரம் இரண்டு நாள் கேழ்வரகு அல்லது கம்பங்கூழ், உப்பில்லாத மோர் ஊற்றி.

மதியம்: தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு, மீன் அல்லது முட்டை. முருங்கைக்கீரை, அரைக்கீரை, வாழைத்தண்டு, சுரைக்காய், புடலங்காய், அவரைக்காய் எல்லாம் நல்லதே. சோறு வடிக்கும்போது உப்பு போடும் பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். குழம்பில் இருக்கிற உப்பே போதும்.

மாலை: பஜ்ஜிக்குப் பதில் சுண்டல், வேர்க்கடலை, வாழைப்பழம், கொய்யா. இளநீரிலும் பொட்டாசியம் உண்டு. (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பழம், இளநீர், கீரை விஷயத்தில் மருத்துவர் சொல்லும் அளவை மட்டும் எடுங்கள்.)

இரவு: பரோட்டாவை மாதம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். சால்னாவை மேலே ஊற்றாமல் தொட்டுச் சாப்பிட்டாலே உப்பும் எண்ணெயும் கணிசமாகக் குறையும்.

உப்பைக் குறைத்தால் "சப்புன்னு இருக்கு" என்று முதல் வாரம் வீட்டில் சத்தம் வரும். அதற்குத்தான் எலுமிச்சை, புளி, மிளகு, சீரகம், பூண்டு, இஞ்சி, கொத்தமல்லி, கறிவேப்பிலை எல்லாம் இருக்கிறது. புளிப்பும் காரமும் உப்பின் குறையை மறைக்கும். ஒரேயடியாக நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால், சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். பிறகு ஹோட்டல் சாம்பார்தான் உங்களுக்கு உப்புக் கரிக்கும்.

ஒரு வேண்டுகோள்: பி.பி. உள்ளவருக்கு மட்டும் தனிச் சமையல் செய்யாதீர்கள். "அப்பாவுக்கு மட்டும் உப்பில்லாத சாப்பாடு" என்று தட்டைப் பிரித்தால், அவர் பத்து நாளில் பழைய தட்டுக்கே திரும்பிவிடுவார். வீடே மாறினால்தான் நிலைக்கும். பிள்ளைகளுக்கும் அது நல்லது.

நடை: எங்கே, எவ்வளவு?

வாரத்துக்கு 150 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்கும் வேகத்தில். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். தினம் 30 நிமிடம், வாரம் ஐந்து நாள். சேர்ந்தாற்போல் முடியவில்லை என்றால் 10 நிமிடமாக மூன்று தடவை நடந்தாலும் கணக்கில் வரும்.

ஜி.எஸ்.டி. சாலைப் புகையில் நடக்க வேண்டாம். சிட்லபாக்கம் ஏரிக்கரை நடைபாதை, உங்கள் பகுதிப் பூங்கா, உள்தெருக்கள் போதும். தமிழ்நாடு அரசின் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் 2023 நவம்பர் 4 அன்று தொடங்கப்பட்டு, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் காணப்பட்டிருக்கிறது. தினம் ரயிலில் போகிறவர்கள் நகரும் படிக்கட்டை விட்டுவிட்டுப் படி ஏறுங்கள். ஷேர் ஆட்டோவில் ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடங்கள்.

பி.பி. மிக அதிகமாக உள்ளவர்களும், நெஞ்சுவலி வந்தவர்களும் மருத்துவரைப் பார்த்த பிறகே உடற்பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

எதை மாற்றினால் எவ்வளவு இறங்கும்?

பி.பி. உள்ளவர்களுக்கு மேல் எண்ணில் ஏற்படக்கூடிய குறைவு, தோராயமாக:

• உடல் எடையில் 1 கிலோ குறைந்தால்: 1 புள்ளி
• உப்பைக் குறைத்தால்: 5 முதல் 6 புள்ளி
• காய், பழம் நிறைந்த உணவுக்கு மாறினால்: சுமார் 11 புள்ளி
• தொடர்ந்து நடந்தால்: 5 முதல் 8 புள்ளி
• மது அருந்துபவர் குறைத்தால்: சுமார் 4 புள்ளி

எல்லாவற்றையும் அப்படியே கூட்டிக் கணக்குப் போட முடியாது. ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் இரண்டு மூன்றை ஒன்றாகச் செய்தால், ஒரு மாத்திரை செய்யும் வேலையை நெருங்கும். புகையிலையை விடுவதும் இதோடு சேர்த்தி. அதற்கு உதவி வேண்டுமானால் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. தூக்கத்தையும் மறக்காதீர்கள். பெரிய சத்தத்தோடு குறட்டை விட்டு, நடுவே மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு பி.பி. அடங்காது. மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

ஃபோனில் விரல் வைத்தால் பி.பி. தெரியுமா?

கேமராவில் விரலை வைத்தால் பி.பி. காட்டும் என்று சொல்லும் செயலிகள் நிறைய வந்துவிட்டன. அவற்றை நம்பி மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ செய்யாதீர்கள். மேல் கையில் பட்டை கட்டும் டிஜிட்டல் கருவிதான் வீட்டுக்கு ஏற்றது. பார்க்கும் முறை:

1. பார்ப்பதற்கு 30 நிமிடம் முன்பிருந்து காபி, டீ, புகை வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்கள்.
2. முதுகைச் சாய்த்து, கால்களைக் குறுக்கே போடாமல் தரையில் ஊன்றி, 5 நிமிடம் அமைதியாக இருங்கள்.
3. கையை மேசைமேல், நெஞ்சு உயரத்தில் வையுங்கள். பட்டை சட்டைக்கு மேல் வேண்டாம்.
4. பேசாதீர்கள். ஃபோனும் பார்க்காதீர்கள்.
5. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள்.
6. காலையும் மாலையும், ஒரு வாரம். எண்களை ஃபோனில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் பார்க்கும்போது சராசரி 135/85-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கூடுதல் என்று அர்த்தம். ஃபோனின் உண்மையான உதவி இந்தக் குறிப்புகளிலும் மாத்திரை நேர அலாரத்திலும்தான்.

மாத்திரையை நிறுத்தலாமா?

"பி.பி. நார்மல் ஆயிடுச்சு, மாத்திரையை விட்டுட்டேன்." அதிகம் கேட்கிற வாக்கியம் இது. நார்மல் ஆனதே மாத்திரையால்தானே? உணவும் நடையும் நன்றாகப் பலன் தந்தால், மருத்துவரே அளவைக் குறைப்பார். நீங்களாக நிறுத்தாதீர்கள். அம்லோடிபின் எடுப்பவர்களில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். எனலாப்ரில் எடுப்பவர்களில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். அதைச் சொன்னால் வேறு மாத்திரை மாற்றித் தருவார்கள்.

மெடிக்கலில் நீங்களாக வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும், சில சளி மாத்திரைகளும் பி.பி.யை ஏற்றும். தொண்டைக்கு நல்லது என்று தினமும் அதிமதுரம் சாப்பிட்டாலும் ஏறும். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குப் போகிறவர்கள், அங்கே உங்கள் பி.பி. மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள். ஆங்கில மருத்துவரிடம் சித்த மருந்துச் சீட்டைக் காட்டுங்கள். இருவருக்கும் இரண்டும் தெரிய வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு இந்தப் பாடம் போதாது. பி.பி. 140/90-ஐத் தொட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உங்கள் பகுதியில் உள்ள அரசு சேவைகள்

• மக்களைத் தேடி மருத்துவம்: 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட திட்டம். பி.பி., சர்க்கரை உள்ளவர்களுக்கு வீட்டிலேயே பரிசோதனை, வீடு தேடி மாத்திரை. 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் பெற்றது. உங்கள் தெருவுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் பெயரைப் பதிவு செய்யுங்கள். வீட்டில் நடமாட முடியாத பெரியவர் இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.
• நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், நகர்ப்புற நலவாழ்வு மையம்: பி.பி. பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். நலவாழ்வு மையங்கள் மாலையிலும் இயங்குவதால், வேலைக்குப் போகிறவர்கள் லீவு போட வேண்டியதில்லை.
• தாம்பரம், குரோம்பேட்டை அரசு மருத்துவமனைகள்: மாத்திரை எடுத்தும் அடங்காதவர்களுக்கும், சிறுநீரகம், இதயம் தொடர்பான பரிசோதனை தேவைப்படுபவர்களுக்கும்.
• 104: மருத்துவ ஆலோசனை, அரசு மருத்துவச் சேவை பற்றிய தகவல்.
• 108: அவசர ஊர்தி. கட்டணம் இல்லை.

உடனே 108-ஐ அழைக்க வேண்டிய நேரம்

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் திடீரென்று தளர்தல், பேச்சுக் குழறல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீர்ப் பார்வைக் குறைவு, குழப்பம். இவற்றில் எது வந்தாலும் பி.பி. கருவியைத் தேடிக்கொண்டிருக்காமல் அழையுங்கள். பி.பி. 180/120-ஐத் தாண்டி இந்த அறிகுறிகளும் இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. அறிகுறி எதுவும் இல்லாமல் எண் மட்டும் அவ்வளவு இருந்தால், 5 நிமிடம் ஓய்வெடுத்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

☑ உப்பு பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்.
☑ ஊறுகாய், அப்பளம், உப்பு டப்பா மூன்றையும் சாப்பாட்டு இடத்திலிருந்து எடுத்து உள்ளே வையுங்கள்.
☑ தினம் 30 நிமிட நடைக்கு ஃபோனில் நேரம் குறியுங்கள்.
☑ 30 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும், பி.பி. பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தால், பக்கத்து நலவாழ்வு மையத்தில் ஒரு தடவை பாருங்கள்.

கடைசி வரியை வீட்டில் உள்ள அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள். எல்லாருடைய மாத்திரையையும் ஞாபகம் வைத்திருக்கிற அவர்கள், தன் பி.பி.யைப் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு என்று கேளுங்கள்.